எப்போது இறங்கும் என்று கேட்டவர்

2008 அக்டோபர் 22, புதன்கிழமை. நிலவுக்கு நம் நாட்டின் முதல் விண்கலம் கிளம்பிய காலை. காமயகவுண்டன்பட்டி டீக்கடைத் தொலைக்காட்சியைச் சுற்றிக் கூட்டம்.

"ஏலே, நிலாவுல ரெண்டு கிரவுண்டு இப்பவே வாங்கிப் போடுலே!" என்றார் ஒருவர். சிரிப்பு.

பக்கத்துத் திராட்சைத் தோட்டத்துக் காவல்காரர் மட்டும் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒடிசலான உடம்பு. சாயம் போன நீல ஸ்வெட்டர்.

கடைக்காரர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "மகன் ஸ்வெட்டருங்க அது. ஏர்போர்ஸ்ல இருந்தான். அவன் போன விமானம் வடக்க மலைப்பக்கம் காணாமப் போச்சு. 'தேடுறோம்'னு சொன்னாக, அதோட சரி. இவரு இன்னும் காரியம் பண்ணல. வானத்துல விமானச் சத்தம் கேட்டா திராட்சைப் பந்தலுக்கு அடியில போயி நின்னுக்கிருவாரு."

கைதட்டல் எழுந்தது. காவல்காரர் திரும்பாமலே என்னைக் கேட்டார்.

"ஏறிருச்சா?"

தமிழ்நாட்டின் விமான, விண்வெளி வரலாற்றைத் தேதிவாரியாகத் தொகுப்பவன் நான். "ஏறிருச்சுங்கய்யா. அந்த ராக்கெட்டோட எஞ்சினை நம்ம மகேந்திரகிரியிலதான் சோதிச்சாங்க."

"அது இருக்கட்டும். எப்ப எறங்கும்?"

"திரும்பி வராதுங்கய்யா. அங்கயேதான் சுத்தும்."

"வராதுன்னு முன்னாடியே சொல்லிட்டாகளா?"

"ஆமாங்கய்யா."

அவர் டீக்கிளாஸைக் கீழே வைத்தார். "அப்ப நல்லவுகதான்."

மறு ஆண்டு ஆகஸ்டில் அந்த விண்கலத்தின் தொடர்பு அறுந்தது. என் தொகுப்பில் அதற்குக் கிளம்பியது, அறுந்தது என இரண்டு தேதிகள் உண்டு. அவர் மகன் போன விமானத்தையும் அதில் சேர்த்திருக்கிறேன்; அதற்குக் கிளம்பிய தேதி மட்டும்தான்.