நாற்பது மீட்டர்

அவரை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டிய மனைவியும் உயிரோடு இருந்த வரைக்கும் அப்படித்தான். துறைமுக அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் கரை அளந்தவர். மாதம் ஒரு நாள், கடல் இறங்கியிருக்கும் நேரம் பார்த்துப் போவார். மணல் மேட்டில் நட்டிருக்கும் அளவுக்கல்லின் கொக்கியில் நாடாவை மாட்டுவார். தண்ணீர் தொடும் கோடு வரைக்கும் இழுத்துக்கொண்டு நடப்பார். எத்தனை மீட்டர் என்று பார்த்து நோட்டில் எழுதுவார். வேலை அவ்வளவுதான்.

துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய கருங்கல் சுவர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அவர் சொல்லாத ஆள் இல்லை. கடைசித் தெருவில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் வீட்டில் குடியிருந்த தன் கூடப்பிறந்த அக்காவிடம் ஒரு தடவை அரிசி முறத்தை வைத்தே விளக்கினார். அலை கரைக்கு நேராக வருவதில்லை, சாய்ந்து ஏறுகிறது. இறங்கும்போது மட்டும் நேராக இறங்குகிறது. அதனால் ஒவ்வொரு மணல் துகளும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்கிறது. வழியில் சுவர் வந்ததும் நின்றுவிடுகிறது. சுவருக்குத் தெற்கே பந்து விளையாடும் அளவுக்கு மணல் சேர்ந்து கிடக்கிறது. வடக்கே அலை எடுத்துக்கொண்டு போகிறது, பதிலுக்கு வந்து சேர ஒன்றும் இல்லை. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முறத்தைக் கீழே வைடா, அரிசி சிந்துது என்றாள்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். துறைமுக வாயில் தூர்ந்துபோகாமல் இருக்க வருடா வருடம் ஒரு கப்பல் வந்து மணலை அள்ளும். அள்ளியதை எட்டு கிலோமீட்டர் வெளியே கொண்டுபோய் ஆழ்கடலில் கொட்டும். அதை அங்கே கொட்டாமல் குழாய் வழியாக வடக்குக் கரையில் கொட்டினால் கடைசித் தெரு தப்பிக்கும். இதைத்தான் பதினான்கு கடிதங்களில் எழுதினார். பதினான்குக்கும் ஒரே பதில் வந்தது: பதிவேட்டின்படி வடக்குக் கரையின் அகலம் நாற்பது மீட்டர், மாற்றம் இல்லை.

மகள் வேறு ஊரில் பாலங்கள் வடிவமைக்கும் பொறியாளர். மாதா மாதம் அளவெடுத்து முடித்ததும் அவளுக்குப் போன் செய்து கரை போகிறது என்று புலம்புவார். ஒரு நாள் அவள் துறைமுக அலுவலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். இருபது வருட வரைபடம், அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேர்கோடு.

"நேராத்தானேப்பா இருக்கு."

"கல்லு நடந்தா கோடு நேராத்தான் இருக்கும்."

அவருக்குக் கோபம் என்று நினைத்தாள். வயதாகிவிட்டது என்றும் நினைத்தாள். தரவு இருந்தால்தான் பேச முடியும்ப்பா என்றாள். அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் போன் செய்யவில்லை.

அடுத்த விடுமுறைக்கு வந்தவளைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அளவுக்கல் மணல் மேட்டில் இல்லை. கடைசித் தெருவுக்கும் இந்தப் பக்கம், சாக்கடை ஓரமாகப் புதிதாக நட்டிருந்தார்கள். கொக்கியில் நாடாவை மாட்டிவிட்டு, தெருவைக் குறுக்கே கடந்து, அக்கா வீட்டு வாசலில் செருப்பை விட்டார். நாடா முன்னறையில் சோபாவை ஒட்டிப் போனது. சமையலறையில் அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே போனது. கொல்லைக் கதவைத் தாண்டி மணலில் இறங்கியது.

"மாசா மாசம் என் வீட்டுக்குள்ள அளக்கறான். நாப்பது மீட்டர் கடற்கரையில நான் குடித்தனம் பண்றேன், தெரியுமா உனக்கு?" என்றாள் அத்தை, குழம்பைக் கிளறிக்கொண்டே. அவள் சிரித்தாள். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நடந்தது இதுதான். தண்ணீர் கல்லுக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம், கல் போய்விடக்கூடாது என்று அலுவலகம் அதைப் பிடுங்கிப் பின்னால் நட்டது. நான்கு தடவை. முதலில் பதினான்கு மீட்டர், அப்புறம் பன்னிரண்டு, பதினைந்து, கடைசியாகப் பதினேழு. ஒவ்வொரு தடவையும் அவர் நோட்டின் குறிப்புப் பத்தியில் 'கல் பின்னகர்த்தப்பட்டது' என்று அளவோடு எழுதியிருந்தார். நோட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றியவர்களின் படிவத்தில் குறிப்புப் பத்தி கிடையாது; கல்லை நட்டதும் அளந்த அளவை மட்டும்தான் அது கேட்டது. நாற்பது மட்டும் ஏறியது.

அன்று சாயங்காலமே மகள் கணக்குப் போட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளை போடும் கழித்தல். ஐம்பத்தெட்டு மீட்டர் போயிருக்கிறது. முதல் கல் நின்ற இடம் இப்போது கடலுக்குள் பதினெட்டு மீட்டர் தள்ளி இருக்கிறது. இத்தனை வருடமும் போனில் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்திருக்கும். எந்தக் கல் அப்பா, எங்கே நட்டாங்க என்று ஒரு கேள்வி. அவள் கேட்கவில்லை.

அவள் போட்ட புதிய வரைபடத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் துறைமுக அலுவலகப் பொறியாளரைப் போய்ப் பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத்தான் உள்ளே கூப்பிட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எந்தப் படிவத்தில் வருகிறது என்று கேட்டார். எந்தப் படிவத்திலும் வராது என்றாள் மகள். கப்பல் ஒப்பந்தத்தில் கொட்டும் இடம் ஆழ்கடல் என்று போட்டிருக்கிறது, அதை மாற்ற வேண்டுமானால் கரை தேய்கிறது என்று பதிவேடு சொல்ல வேண்டும், பதிவேடு அப்படிச் சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டார்.

"பதிவேட எழுதினதே நான்தான் சார்," என்றார் டேப்பு.

"அதனாலதான் சொல்றேன் பெரியவரே. நீங்களே நாப்பதுன்னு எழுதிட்டு நீங்களே இல்லன்னா எப்படி?"

திரும்பி வரும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது அவர், அமைதியான பருவத்தில் அளந்தால்தான் நாற்பது என்றார். கடல் கொந்தளிக்கும் பருவத்தில் பெரிய அலை கரை மணலைச் சுருட்டி உள்ளே இழுத்துப்போய்த் திட்டாகப் போட்டுவிடும். இருபது மீட்டர் குறையும். பருவம் மாறினால் சின்ன அலை அதைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வரும். அந்த இருபது போய்ப் போய் வரும், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்றார். ஆனால் கொல்லைக் கதவிலிருந்து தண்ணீர் வரைக்கும் மிச்சம் இருப்பதே இப்போது இருபதுதான்.

அந்த வருடமும் கப்பல் வந்தது. பதினோரு நாள் அள்ளி, பதினோரு நாளும் ஆழ்கடலில் கொட்டியது. அவர் தினமும் சுவர் மேல் போய் நின்று பார்த்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் முகம் கழுவப் போனவர் குழாயடியிலேயே சாய்ந்தார். மாரடைப்பு. மகள் வந்து சேர்ந்தபோது குளிர்ப்பெட்டியில் இருந்தார். உள்ளங்கையில் நாடா உரசிய தழும்பு அப்படியே இருந்தது.

ஏழு வாரம் கழித்துக் கடல் கொந்தளித்தது. இருபது மீட்டரும் ஒரே வாரத்தில் போனது. சமையலறைச் சுவர் வெளிப்பக்கமாக விழுந்தது. அத்தை அடுப்பை முன்னறைக்கு மாற்றிக்கொண்டாள். மகள் கூப்பிட்டும் போகவில்லை. உன் வீட்டில் லிஃப்டில் ஏறினால் எனக்கு வயிறு கலங்கும் என்று காரணம் சொன்னாள்.

அடுத்த வருடம் குழாய் வந்தது. கடிதத்தாலும் இல்லை, வரைபடத்தாலும் இல்லை. கப்பலை எட்டு கிலோமீட்டர் போய் வர விடுவதைவிடப் பக்கத்திலேயே கொட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று புதிதாக வந்த அதிகாரிக்குத் தோன்றியிருக்கிறது. அவ்வளவுதான். மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பார்த்தாள். குழாய் வாயிலிருந்து கறுப்புச் சேறாக மணல் கொட்டியது, காயக் காய வெளுத்தது. நாலே நாள். கொல்லைக்கு வெளியே முப்பது மீட்டர் கரை எழும்பி நின்றது.

நாலு நாள் வேலை. மகள் அதை வாய்விட்டே சொன்னாள், இரண்டு தடவை. அத்தை, விழுந்த சுவரின் செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பார்வையிட வந்த அதிகாரியிடம் மகள் போய்ப் பேசினாள். சுவர் இருக்கும் வரைக்கும் இந்த மணலும் வடக்கே போய்க்கொண்டேதான் இருக்கும், வருடா வருடம் போட வேண்டும், இல்லையென்றால் சில வருடம்கூடத் தாங்காது என்றாள். வேலை முடிந்ததாக எழுதியாயிற்று என்றார் அவர். சரி, இனிமேல் கரையை யார் அளப்பார்கள் என்று கேட்டாள்.

"அந்த வேலையையே எடுத்தாச்சும்மா. அளந்தவர் காலமாயிட்டாராம். வேற ஆள் போடல."

"அப்ப மணல் போறது எப்படித் தெரியும்?"

"போனா தெரிஞ்சுடும்லம்மா."

அத்தை கையில் செங்கல்லோடு நிமிர்ந்தாள்.

"தெரிஞ்சுது சார். எனக்கு அடுப்படியில தெரிஞ்சுது."

அதிகாரி எந்த அடுப்படி என்று கேட்கவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, காலை வெளியே நீட்டி, ஷூவைக் கழற்றி உள்ளே இருந்த மணலைக் கொட்டினார்.