மேடையோரத்தில் மூடிய நோட்டு

இன்றைக்குச் சின்னப்பன் கொட்டாய் என்கிற ஊரில் மரியசூசை ஐயாவைச் சந்தித்தேன். வீட்டுக்கு வந்து சட்டைகூட மாற்றாமல் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பென்னாகரத்திலிருந்து ஏரியூர் போகிற சாலையில் இறங்கி, கொஞ்சம் உள்ளே நடந்தால் அந்த ஊர். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்பதால் ஞாயிறு மதியம் மாதா கோயில் வாசலில் பாஸ்கா நாடக ஒத்திகை. இயேசுவின் பாடுகளை ஊர்க்காரர்களே வருஷா வருஷம் நடிக்கிற நாடகம். என்னோடு வந்த கல்லூரி நண்பர்கள் எல்லாம் வேஷக்காரர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது மேடையோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரை. வசனம் மறந்தவர்களுக்கு அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. ஏழெட்டுப் பேர் தடுமாறினார்கள். அத்தனை பேருக்கும், எந்த இடத்தில் நின்றாலும், எடுத்துக் கொடுத்தார். நாடக நோட்டு மட்டும் அவர் மடியில் மூடியே இருந்தது.

ஒத்திகை முடிந்ததும் போய்க் கேட்டேன். "நாடகம் முழுசும் மனப்பாடமாங்க?"

"மனப்பாடமெல்லாம் இல்லீங்க. மனப்பாடம் பண்ணித்தான் எம்பத்தி மூணுல நான் நாசமாப் போனேன்."

அப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. கடைசி பஸ்ஸைக் கிட்டத்தட்ட தவறவிட்டேன்.

1983 ஜூனில் மரியசூசை தருமபுரியில் ஒரு கல்லூரியில் பொருளியல் பட்டப்படிப்பில் சேர்ந்தார். அந்த ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். கோயிலில் நடக்கும் மறைக்கல்விப் போட்டியான ஞானோபதேசப் போட்டியில் வருஷம் தவறாமல் முதல் பரிசு வாங்கியவர். ஜெபங்கள், கேள்வி பதில்கள், நாடகத்தில் சீடர் அருளப்பரின் வசனம், எல்லாமே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தங்குதடையில்லாமல் சொல்வார். கல்லூரிப் பாடத்தையும் அப்படியே பிடித்துக்கொண்டார். விடுதி மரத்தடியில் நடந்தபடி ஒவ்வொரு பாடத்தையும் உரக்கப் பத்துத் தடவை. பக்கத்து அறைக்காரர்கள் ஜன்னலைத் திறந்து கத்துவார்களாம், "யாராச்சும் அந்த ரேடியோவ நிறுத்துங்கடா."

அக்டோபரில் மாதிரித் தேர்வு வந்தது. ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப நுகரும்போது அதிலிருந்து கிடைக்கிற நிறைவு ஏன் குறைகிறது, உன் ஊர் எடுத்துக்காட்டுடன் விளக்கு என்பது கேள்வி. அந்த விதி இவருக்குத் தெரியும். ஆனால் அது பாடத்தின் நடுவில் இருந்தது. அங்கே போகவேண்டுமென்றால் முதல் பக்கத்திலிருந்து கிளம்பவேண்டும். பொருளியலின் இலக்கணம், மனித விருப்பங்களின் இயல்புகள் என்று எழுதிக்கொண்டே போனார். விதிக்குப் பக்கத்தில் வரும்போது மணி அடித்துவிட்டது.

பேராசிரியர் வெங்கடாசலம் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தார். "நீ எழுதுனது அத்தனையும் சரி. நான் கேட்டது மட்டும்தான் இல்ல. புரிஞ்சு படிக்கணும்ப்பா."

"புரிஞ்சு படிக்கறதுன்னா எப்படிங்க சார் படிக்கறது?"

"புரிஞ்சுதான்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த தாளை எடுத்தாராம்.

இதைச் சொல்லும்போது மரியசூசை ஐயா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருஷம் கழித்தும் அதே பதிலைத்தானே எங்களுக்கும் சொல்கிறார்கள். படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எப்படி என்று கேட்டால் ஆளைக் காணோம்.

இவர் என்ன செய்தார்? பத்துத் தடவையை இருபது தடவை ஆக்கினார். முக்கியமான வரிகளுக்குச் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போட்டார். எது முக்கியமில்லை என்று தெரியாததால் புத்தகம் முழுவதும் சிவந்துபோனது. வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவர் நஞ்சப்பன், அதியமான்கோட்டை விவசாயி வீட்டுப் பிள்ளை. தினமும் சைக்கிளில் வருகிறவர். படித்து யாரும் பார்த்ததில்லை, ஆனால் மாதிரித் தேர்வில் தேறிவிட்டார். அந்த எரிச்சல் வேறு.

மதியச் சாப்பாட்டின்போது நஞ்சப்பன் கேட்டாராம். "டேய் சூசை, அந்த விதிய ஒருவாட்டி சொல்லு."

இவர் புத்தகத்தில் இருந்தபடி முதல் ஆப்பிள், இரண்டாவது ஆப்பிள், மூன்றாவது ஆப்பிள் என்று ஒப்பித்தார்.

"ஆப்பிள் எப்பனா தின்னிருக்கியா?"

"இல்ல."

"பின்ன நாலாவது ஆப்பிள் திகட்டும்னு உனக்கு எவன் சொன்னது? களியில சொல்லுடா. பசியில மொத உருண்டை எப்படி இருக்கும்? நாலாவது உருண்டைய உங்கம்மா தட்டுல போட வந்தா நீ என்ன பண்ணுவ?"

"கையால மறைச்சுக்குவேன்."

"அவ்ளோதான் விதி. இதுக்கா இருபது வாட்டி கத்துன?"

புரிந்தது. ஆனால் அந்த ஒன்று மட்டும்தான் புரிந்தது. மற்ற பாடங்களை அப்படி மாற்றத் தெரியவில்லை, நேரமும் இல்லை. நவம்பர் தேர்வில் நான்கு தாளில் மூன்று போய்விட்டன. ஆங்கிலம், பொருளியல், புள்ளியியல். தமிழ் மட்டும் தேறியது.

அவருடைய அப்பா ஸ்தனிஸ்லாஸ் இரண்டு ஏக்கர் மானாவாரியில் ராகி போடுகிறவர். பாஸ்கா நாடகத்தை நடத்துகிறவரும் அவர்தான். மகனிடம் இரண்டு விஷயம் சொன்னார். "ஏப்ரல்ல மூணும் வரணும். வரலேன்னா உங்க மாமன் கூட பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கெளம்பு. அப்புறம் இன்னொண்ணு. ஃபெயிலானவனுக்கு இந்த வருசம் வேசம் கெடையாது. நோட்டப் புடிச்சுக்கிட்டு ஓரமா உக்காரு."

ஐந்து வருஷமாக அருளப்பர் வேஷம் போட்டவர். ஊர் முன்னால் ஓரமாக உட்காரவைத்தது தோற்றதைவிட வலித்தது என்றார். படிக்கவேண்டிய ஞாயிற்றுக்கிழமைகளையும் இந்த நோட்டு தின்கிறதே என்று ஆத்திரம் வேறு.

முதல் ஞாயிறு யாராவது வசனத்தில் நின்றால் இவர் பக்கத்தைத் தேடிப் புரட்டுவார். வேஷக்காரர்கள் விடுவார்களா? "நோட்டு பொரட்டி முடிக்கறதுக்குள்ள ஈஸ்டரே வந்துரும்போல" என்று ஒருவர் சொல்ல, ஊரே சிரித்தது. அந்த வெட்கத்தில், அடுத்த வாரத்திலிருந்து, நோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் தானாகவே யோசித்து எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். சொன்ன பிறகு நோட்டில் சரிபார்ப்பார். தப்பாக இருந்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. ஒத்திகைக்கு முன் புள்ளி வைத்த வரிகளை மட்டும் ஒருதடவை பார்த்துக்கொள்வார். வேறொன்றும் செய்யவில்லை.

நான்காவது ஞாயிறுதான் அது நடந்தது.

இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்கிற பிலாத்து வேஷம் அவருடைய தாய்மாமன் இன்னாசிராஜுக்கு. பெங்களூரில் கொத்தனார். தவக்காலத்தில் சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிடுவார். பன்னிரண்டு வருஷமாக அதே வேஷம், அதே வசனம். "எருசலேம் நகரத்துப் பெரியோர்களே" என்று கம்பீரமாக ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டார்.

மரியசூசை எடுத்துக் கொடுத்தார். "என் கையில் இருக்கும் சட்டமோ…"

"இரு இரு. எருசலேம் நகரத்துப் பெரியோர்களே…" மாமா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, மறுபடி அதே இடத்தில் நின்றார்.

"சட்டமோ, மாமா, சட்டமோ."

"குறுக்க பேசாதடா மாப்ள. எருசலேம் நகரத்துப் பெரியோர்களே…"

கை கட்டப்பட்டு நின்றிருந்த இயேசு வேஷக்காரர் சொன்னார். "அண்ணா, கயிறு அறுக்குது. சீக்கிரம் தீர்ப்பச் சொல்லிட்டீங்கன்னா நான் சிலுவையத் தூக்கிட்டுப் போயிருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவுக்கு ரோஷம். "நடுவுல புடிச்சா எனக்கு வராதுடா. மொதல்லருந்து வந்தாத்தான் வரும்."

மரியசூசைக்கு நாலு மாதக் கோபமும் சேர்ந்து வந்தது. "கேட்ட எடத்துலருந்து சொல்லத் தெரியலேன்னா, அது தெரிஞ்சதா மாமா?"

"ஓகோ. இதத்தான் உங்க காலேஜு வாத்தியாரும் உன்னக் கேட்டாரா?"

இன்னும் பெரிய சிரிப்பு. அப்பா சிரிக்கவில்லை. மரியசூசையும் சிரிக்கவில்லை. மாமா கிண்டலாகச் சொன்னது நிஜம். அக்டோபர் தேர்வறையில் உட்கார்ந்திருந்தது பிலாத்துதான்.

அப்போது இன்னொன்றும் உறைத்தது. பன்னிரண்டு வருஷம் உரக்கச் சொல்லிப் படித்த மாமாவுக்கு நடுவரி வரவில்லை. நாலே ஞாயிறு, ஒருதடவைகூட உட்கார்ந்து படிக்காத தனக்கு எல்லோருடைய வசனமும் எந்த இடத்திலிருந்தும் வருகிறது. படித்ததால் வரவில்லை. நோட்டை மூடிவைத்துத் தேடித் தேடி எடுத்ததால் வந்தது.

திங்கள்கிழமை நஞ்சப்பனிடம் புத்தகத்தைக் கொடுத்தார். "எங்கயாச்சும் நடுவுல பிரிச்சுக் கேளு. நான் நின்னா மட்டும் ஒரு வார்த்த எடுத்துக் குடு."

"எனக்கு என்ன வேசம்?"

"எனக்குப் புடிக்காத வேசம். நோட்டப் புடிக்கறவன்."

அன்று கேட்ட முதல் பத்துக் கேள்வியில் எட்டுக்குப் பதில் வரவில்லை. அழுகை வந்துவிட்டது என்றார். இருபது தடவை படித்த பாடம். படிக்கும்போது சரளமாக ஓடியதால் தெரியும் என்று நினைத்த பாடம். மூடினால் ஒன்றுமில்லை. ஆனாலும் விடவில்லை. ஒவ்வொரு பாடத்தையும் தன் வார்த்தையில் கேள்விகளாக ஒரு நோட்டில் எழுதினார், பதில் எழுதாமல். வராத கேள்விக்குப் பென்சில் புள்ளி. மறுநாள் முதலில் புள்ளிகள். ஒவ்வொரு விதிக்கும் களி மாதிரி ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே செய்தார்கள். மரத்தடியில் ரேடியோ நின்றுவிட்டது.

ஈஸ்டர் முடிந்து தேர்வு. ஜூனில் முடிவு ஒட்டினார்கள். இரண்டாம் பருவத்துப் புதிய தாள்கள் எல்லாம் தேறியிருந்தன. ஆங்கிலம் வந்தது, பொருளியல் வந்தது. புள்ளியியல் வரவில்லை.

இந்த இடத்தில் நான் "ஐயோ" என்றுவிட்டேன். அவர் கையை விரித்தார். "கணக்குக்கு மட்டும் போட்டு வெச்ச கணக்கப் பாத்துக்கிட்டே இருந்தேங்க. பாத்தா ஒவ்வொரு வரியும் புரியுது. சரி, தெரியும்னு வுட்டுட்டேன். திட்டவிலக்கம் கேட்டான். ரெண்டாவது வரியோட நின்னுட்டேன். அவ்ளோ கத்துக்கிட்டும் அதே தப்பு. என்மேலயே எனக்கு அவ்ளோ வெறுப்பு."

அப்பா சொன்ன சொல் சொன்னதுதான். மூன்றில் ஒன்று வரவில்லை. மரியசூசை மாமாவோடு பெங்களூருக்கு பஸ் ஏறினார். செங்கல் எடுத்துக் கொடுக்கிற வேலை. எழுதக் காகிதம் எங்கே தேடுவது, கரித்துண்டை எடுத்துச் செங்கல்லிலேயே கணக்குப் போட்டார். போட்டு முடித்து விடையைச் சரிபார்க்கலாம் என்று திரும்புவதற்குள் மாமா அந்தச் செங்கல்லை எடுத்துக் கலவை பூசிச் சுவரில் வைத்துவிடுவார். மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்க்கவேண்டும், பழையதைப் பார்க்காமல். மறுபடி அதுவும் சுவருக்குள். இப்படி மூன்று வாரம்.

ஒரு ஞாயிறு மாமா அவரைத் திரும்ப ஊருக்கு அழைத்து வந்தார். வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னது: "மச்சான், இவன் வேலைக்கு ஆவ மாட்டான். செங்கல்லுல கணக்கு போடறான், நான் கட்டிடறேன். அப்புறம் செவுத்த மொறைச்சுப் பாத்துக்கிட்டே நிக்கறான். வூட்டுக்காரரு பாத்துட்டு, செவுரு கோணலா இருக்கான்னு கேக்கறாரு. காலேஜுக்கே அனுப்பிடுங்க."

 அப்பா, "தருமபுரிக்குப் பஸ்சு எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

நவம்பரில் புள்ளியியலை எழுதினார். தேறினார். அடுத்த தவக்காலத்தில் அப்பா அருளப்பர் வேஷத்தைத் திரும்பக் கொடுத்தபோது, "வேணாங்கப்பா, நான் நோட்டையே புடிச்சுக்கறேன்" என்றார். பட்டம் வாங்கி, கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வும் பெற்றுவிட்டார். நோட்டை இன்னும் விடவில்லை.

கிளம்பும்போது கேட்டேன், இப்போது நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறதா என்று. "எங்கீங்க சந்தோசம்? என் வகுப்புல ஏழு பேரு மொத வருசமே நின்னுட்டாங்க. யாரும் மக்கு இல்ல. எனக்கு ஒரு நாடகம் இருந்துச்சு, ஓரமா உக்கார வெச்சாங்க. அவுங்களுக்கு அதும் இல்ல."

பஸ்ஸில் வரும்போது அந்த ஏழு பேரைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். 

உங்கள் வீட்டிலோ தெருவிலோ முதலாண்டு படிக்கிறவர் யாராவது முதல் தேர்வில் அடிவாங்கிப் புத்தகம் முழுக்கக் கோடு போட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதை அவருக்கு அனுப்புங்கள். முடிந்தால் இந்தத் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு மதியம் சின்னப்பன் கொட்டாய்க்கே கூட்டிப் போங்கள். மேடைக்கு முன்னால் உட்காராதீர்கள். ஓரமாகப் போய், அவர் மடியில் மூடியே இருக்கிற நோட்டைப் பாருங்கள்.