ஐயா வந்துள்ளார்

எங்கள் குடும்பத்தில் மின்சாரத்தில் ஓடுகிற எது கெட்டுப்போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பார்த்துக்கொள்வது என்றால், பெரும்பாலும் அணைத்துவிட்டு மறுபடி போடுவது. இந்த ஒரே வித்தையை வைத்துக்கொண்டுதான் சம்பளமும் மரியாதையும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். செரண்டாவில் இருக்கும் என் சின்னம்மாவிடம் ஒரு முறை, "உங்க போட்டோ எல்லாம் பத்திரமா மேகத்துல இருக்கு" என்று சொன்னேன். அவர் வாசலுக்குப் போய் மேலே பார்த்துவிட்டு வந்து, "மழை வர்ற மாதிரி இருக்கேடா" என்றார்.

முனியாண்டி கோயிலுக்குக் கேமரா வைக்கச் சொன்னதும் இந்த மரியாதையில்தான். கோல சிலாங்கூர் போகிற வழியில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குள் இருக்கிறது கோயில். கோயில் என்றால் தகரக் கூரை, மூன்று பக்கச் சுவர், உள்ளே உட்கார்ந்த நிலையில் ஐயா. கையில் அரிவாள், பெரிய மீசை, இமைக்காத வெள்ளை விழிகள். தோட்டத்து ஆட்கள் ரவாங், புஞ்சாக் ஆலாம் என்று கலைந்துபோன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது வந்து விளக்கேற்றுவார்கள். ஒரு நாள் வெண்கல மணி காணாமல் போனது. ஐயாவின் தலைக்கு மேல் தொங்கிய மணியை ஐயா பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருடிவிட்டார்கள்.

"அவரு பாத்திருப்பாரு லா. ஆனா நமக்குச் சொல்ல மாட்டாரே" என்றார் பூசாரி. "நீ சொல்ற மாதிரி ஒன்னு வச்சுக் குடு."

பூசாரி என்னைவிட போன் பைத்தியம். பூசை நேரத்தில்கூட வீடியோ எடுத்து நேரலையில் போடுகிறவர். அவர் கேட்டால் மறுக்க முடியுமா? சூரிய ஒளியில் சார்ஜ் ஆகிற, உள்ளேயே சிம் அட்டை போடுகிற கேமரா ஒன்றை வாங்கிவந்து எதிரில் இருந்த கம்பத்தில் மாட்டினேன். பெருமை தாங்காமல், சொந்தக்காரர்கள் எல்லார் போனிலும் அதன் செயலியை இறக்கிக் கொடுத்தேன். இனி எல்லோரும் வீட்டில் இருந்தபடியே ஐயாவைக் கும்பிடலாம்.

அந்தக் கேமரா முகங்களை அடையாளம் காணும். அதைச் செய்தவர்களுக்கு அதில் ரொம்பப் பெருமை போல. மாட்டிய மறுநாள் காலையில் எனக்கு ஒரு கேள்வி வந்தது. "அறியாத நபர் ஒருவர் வாசலில் நீண்ட நேரமாக உள்ளார். இவரை உங்களுக்குத் தெரியுமா?" கூடவே படம். ஐயா.

தெரியாது என்று எப்படிச் சொல்வது? பெயர் எழுதச் சொல்லிக் கட்டம் காட்டியது. 'ஐயா' என்று எழுதினேன். "நன்றி. ஐயா உங்கள் பரிச்சயமானவர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்" என்றது. இதைக் குடும்பக் குழுவில் போட்டு இரண்டு நாள் சிரித்தோம். அதன் பிறகு கேமரா ஐயாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஏதாவது அசைந்தால்தான் அது அறிவிப்பு அனுப்பும். ஐயா அசைகிறவர் இல்லை. பூனை வந்தால் சொல்லும், பூசாரி வந்தால் சொல்லும், வாழை இலை ஆடினால் 'நபர்' என்று சொல்லும். ஐயாவைப் பற்றி மட்டும் ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில் அக்காவுக்கு உடம்பு சரியில்லை. கர்ப்பப்பையில் கட்டி. இரத்தம் போய்ப் போய் ஆள் வெளுத்துவிட்டாள். படியேறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். அரசாங்க மருத்துவமனையில் நெடுநாள் காத்திருந்து ஒரு வழியாக ஆப்பரேஷனுக்குத் தேதி கிடைத்தது. திங்கள் மாலை சேர வேண்டும், செவ்வாய் காலை ஆப்பரேஷன். இதைத் தவறவிட்டால் அடுத்த தேதி எப்போது என்று சொல்ல முடியாது, அதுவரை உடம்பு தாங்குமா என்பதும் சந்தேகம்தான் என்று டாக்டர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். போவதற்கு முன் ஐயாவுக்குப் படையல்.

எங்கள் பக்கத்துப் படையலில் ஒரு முறை உண்டு. உச்சிப்பொழுதில் கறிச்சோறு, சுருட்டு, ஸ்டவுட் பீர் எல்லாம் வைத்துச் சூடம் காட்டிவிட்டு, எல்லோரும் ஒன்றாக வெளியேறிவிட வேண்டும். காருக்கு வந்து சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர் சாப்பிடும்போது மனிதக் கண் படக் கூடாது. பட்டால் படையல் இல்லை என்று ஆகிவிடும். ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டதில்தான் பயம் அதிகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முறைப்படியே செய்தோம். முன்னால் பூசாரி, பின்னால் அக்கா, அவள் பின்னால் அவள் வீட்டுக்காரர், என் மச்சான், கடைசியில் நான். செம்பனைக் காட்டில் நடுப்பகலில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வெயில் மேலே எங்கேயோ இருக்கும். கீழே பச்சை இருட்டு. பறவைச் சத்தம்கூட இருக்காது. எல்லா மரமும் ஒரே மாதிரி, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வரிசை. நடக்கிறோமா நிற்கிறோமா என்றே சந்தேகம் வரும். காருக்குப் பாதி தூரம் வந்திருப்போம். என் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. அதே நொடியில் மச்சான் பாக்கெட்டில், பூசாரி இடுப்பில், அக்கா கைப்பையில்.

மற்ற மூன்று பேரும் எடுக்கவில்லை. அக்கா எடுத்தாள். மருத்துவமனையிலிருந்து அழைப்பு என்று நினைத்திருக்கிறாள்.

அவள் நின்றுவிட்டாள். மச்சான் அவள் முதுகில் மோதாத குறை.

"என்னம்மா?"

அவள் போனை மச்சானிடம் நீட்டினாள். திரையில் சாம்பிராணிப் புகை. புகைக்குள் ஐயாவின் முகம், நேராகக் கேமராவைப் பார்த்தபடி. கீழே ஒரு வரி. 'ஐயா வந்துள்ளார்.'

வீட்டுக்குப் போனோம். போனதும் குடும்பக் குழுவில் செரண்டா சின்னம்மாவின் செய்தி இருந்தது. "எனக்கும் காட்டுச்சு. ஐயா வந்து சாப்ட்டாரு. நல்ல சகுனம்." கீழே கைகூப்பிய படங்கள் ஒரு வரிசை. அதைப் பார்த்ததும் அக்கா அழுதுவிட்டாள்.

"குடும்பமே பாத்துருச்சு. நான் ஆஸ்பத்திரிக்குப் போவல."

நான் என் தொழிலைக் காட்டினேன். புகை அசைந்தது, அதனால் கேமரா விழித்தது, விழித்ததும் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்தது, பெயரைச் சொன்னது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். வரைபடம் போடாத குறை. அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"பொகையோ, அவரோ, அது இல்ல பேச்சு. சாப்பிடுறப்ப நான் பாத்தேனா இல்லியா?"

"பாத்த. ஆனா திரும்பிப் பாக்கலையே. முன்னாலதான பாத்த?"

"நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இருடா."

மச்சான் லோரி ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார். "எதுக்கும் 'ஒப்புக்கொள்கிறேன்'னு ஒரு பட்டன் இருக்கும்ல, அத அமுக்குறதுக்கு முன்னால சாமிகிட்ட கேட்டியா மாப்ள?"

கேட்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. இணையத்துக்குத் தெரிந்தது ஒரே திசைதான், பின்பக்கம். எது நடந்தாலும் அதைச் சேமித்து வைத்து, கழிந்த வருடம் இதே நாள் என்று நாம் மறக்க நினைத்ததையும் தேடி எடுத்துவந்து நீட்டும். திரும்பிப் பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. திரும்பிப் பார்க்கவே கூடாத ஒரே இடத்தில் கொண்டுபோய் அதை மாட்டிவைத்தது யார்? குடும்பத்தின் கணினி நிபுணர்.

பூசாரிதான் வழி சொன்னார். அது ஞானம் ஒன்றும் இல்லை, கேமரா வைக்கச் சொன்னதே அவர்தான் என்ற குற்ற உணர்ச்சி. "நாளைக்கி மத்தியானம் படையலத் திரும்பப் போட்டுருவோம் லா. கேமராவக் கழட்டிரு. போன எல்லாம் கார்ல வச்சுட்டு வாங்க. அப்படியே நேரா ஆஸ்பத்திரிக்கிப் போயிருங்க."

மறுநாள் திங்கள். அக்காவின் துணிப்பையை முன்சீட்டிலும், அவளுடைய தலையணையைக் காரின் பின்னால் சாமான் வைக்கிற பூட்டிலும் வைத்துக்கொண்டு கிளம்பினோம். சொந்தத் தலையணை இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. கோயிலில் ஏணி போட்டுக் கேமராவைக் கழற்றினேன். துண்டில் சுற்றி, காருக்குக் கொண்டுபோய்ப் பின்பக்க பூட் மூடியைத் திறந்து, அடிபடாமல் இருக்க அந்தத் தலையணை மேல் முகம் கவிழ்த்து வைத்தேன். முந்தின இரவே அக்கா சொல்லி, என்னைத் தவிர எல்லோரும் அந்தச் செயலியை அழித்துவிட்டிருந்தார்கள்; இருந்தாலும் எல்லோர் போனையும் வாங்கிக் காரில் முன்னால் வைத்தேன். என்னுடையதை மட்டும் பாக்கெட்டிலேயே மறந்துவிட்டேன். எனக்கு அது உடம்பில் ஓர் உறுப்பு, கழற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

படையல் முடிந்து அதே வரிசையில் நடந்தோம். அதே பச்சை இருட்டு. அதே பாதி தூரம் என்று நினைக்கிறேன். என் தொடையில் போன் அதிர்ந்தது. அந்த அமைதியில் அது வண்டு ஒன்று டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி கேட்டது.

முன்னால் போன அக்காவின் தோள் இறுகியது. அவள் திரும்ப முடியாது. என் முகத்தை அவள் பார்க்க முடியாது. அதற்காக அன்று ஐயாவுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

"யாருடா?"

"ஆபீசு."

அவள் நடந்தாள். நான் எடுத்துப் பார்க்கவில்லை. காரில் ஏறிய பிறகுதான் போன் திரையைப் பார்த்தேன். 'ஐயா வந்துள்ளார்.' நேரம், நாங்கள் நடந்துகொண்டிருந்த நேரம்தான்.

அதற்கும் விளக்கம் இருக்கிறது. கேமராவை நான் அணைக்கவில்லை. அதில் பேட்டரி இருந்தது, சிம் இருந்தது. ஆகவே அது அறிவிப்பு அனுப்பியதில் ஆச்சரியம் இல்லை. மூடிய கார் பூட்டுக்குள், துண்டுக்குள், தலையணையில் கவிழ்ந்து கிடந்தபடி யாருடைய முகத்தைப் பார்த்து அனுப்பியது என்பதற்கு மட்டும்தான் விளக்கம் இல்லை. அறிவிப்பைத் தொட்டால் படம் திறக்கும். நான் தொடவில்லை. என் தொழில் வாழ்க்கையில் திறக்காமல் விட்ட ஒரே அறிவிப்பு அது.

மருத்துவமனையில் அக்காவைச் சேர்க்கும்போது, "தலையணை?" என்றாள். "இங்கயே குடுப்பாங்க" என்றேன். கார் பூட் மூடியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

செவ்வாய் காலையில் பச்சை அங்கி போட்டுக் கட்டிலில் படுத்திருந்தாள். தள்ளிக்கொண்டு போக ஆள் வருவதற்கு முன் என்னைக் கூப்பிட்டாள். மச்சான் கையெழுத்துப் போடப் போயிருந்தார்.

"நேத்து போன் அடிச்சுச்சே. ஆபீசா?"

"ஆமா."

"போனக் குடு."

கொடுக்காமல் இருந்தால் தெரிந்துவிடும். கொடுத்தாலும் தெரிந்துவிடும். கட்டிலிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டால் அவளைத் தடுக்க அங்கே யாராலும் முடியாது. அந்தத் தேதி போய்விடும். கொடுத்தேன்.

வாசித்தாள். படத்தைத் திறக்கவில்லை.

"அப்ப கேமரா எங்க இருந்துச்சு?"

"கார் பூட்ல."

"பூட்லயா?"

"ம்."

அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது வரவில்லை. ஏதோ கணக்கு ஒன்று நேராகிவிட்ட மாதிரி மூச்சை விட்டாள்.

"அப்ப சாப்ட்டுட்டு நமக்கு முன்னாலயே வந்து ஏறிட்டாரு" என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஆள் வந்து கட்டிலைத் தள்ளத் தொடங்கியதும் தலையைத் தூக்கி, "கார வெயில்ல நிறுத்தாத" என்றாள்.

நான் இறங்கிப் போய்க் காரை மரநிழலில் மாற்றி நிறுத்தினேன். வேறு என்ன செய்ய?

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள், இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள், பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். மச்சான் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தார். மாலையில் அக்கா அரை மயக்கத்தில் கண் திறந்து முதலில் கேட்டது தலையணை.

காரின் பின்னால் நின்றேன். அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு பூட் மூடியை விரலால் இரண்டு முறை தட்டினேன். "தலையணை எடுத்துக்கிறேன்" என்று சொன்னேன். பிறகுதான் திறந்தேன்.

உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடிதான் இருந்தது. துண்டு, துண்டுக்குள் கேமரா. ஆனால் அது தலையணைமேல் இல்லை, பக்கத்தில் இருந்தது. வண்டி வளைவில் உருண்டிருக்கும். தலையணை நடுவில் ஒரு குழி. கேமராவின் கனத்தில் விழுந்தது என்று சொல்லலாம். கேமரா ஒரு மாங்காய் அளவு. குழி அதைவிடப் பெரியது, ஒரு தலை அளவு.

வார்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா உள்ளங்கையை அந்தக் குழியில் சற்று நேரம் வைத்துப் பார்த்தாள். தட்டி நேராக்குவாள் என்று நினைத்தேன். நேராக்கவில்லை. அப்படியே தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நான் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் தூங்கிவிட்டாள்.