மூடி போட்ட சட்டியில் கண்ணாடி

பிள்ளை பெற்ற உடம்பு தீட்டுக் கழிந்ததும் ஆறிவிடும் என்று சொல்கிறவர்கள் பிள்ளை பெற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு ஆறவில்லை. மூத்தவள் பிறந்தபோது கிழிந்த இடத்தில் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். தையல் என்னவோ ஆறியது. ஆறிய இடம் கயிறு மாதிரி இறுகிக்கொண்டது. அதற்குப் பிறகு வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து படுத்தாலே எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அவர் கெட்டவர் இல்லை. ஒரு தடவை நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுததைப் பார்த்துவிட்டு, மறுநாள் முதல் வாசல் பக்கம் பாயைப் போட்டுக்கொண்டார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? அதுவும் தெரியாது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லயத்தில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வது அரிசி, பிள்ளை, மழை இந்த மூன்றைப் பற்றித்தான்.

அவருடைய அக்கா, என் நாத்தனார், பக்கத்துத் தோட்டத்தில் இருந்தாள். மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரி. தம்பி வாசலில் படுப்பது அவள் காதுக்குப் போய்விட்டது. "ஏண்டி, ஒரு பொட்டப்புள்ளையோட ஒன் கடை மூடிருச்சா? எங்க கொழுந்தன் வழியில ஒரு பொண்ணு இருக்கு. அவன் சரின்னு சொன்னா போதும்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். நான் பதிலுக்கு நன்றாகத்தான் கேட்டேன், அதை இங்கே எழுத முடியாது. ஆனால் அவர் சரி என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?

மலாயாவில் பகாவ் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. வெள்ளைக்கார சர்க்கார் போட்ட அவசரகாலம் உச்சத்தில் இருந்த சமயம். எங்கள் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்து, காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் ஒரு பிடி அரிசி கொண்டுபோகக் கூடாது என்று எங்களை அடைத்துவைத்திருந்தார்கள். வீட்டில் அரிசி வைத்திருந்தாலே குற்றம். சோறு பொதுக் கொட்டகையில் வேகும், தட்டோடு வரிசையில் நின்று வாங்க வேண்டும். குழம்பு மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடி, கேட்டில் உடம்பைத் தடவிப் பார்க்கக் கொடுத்து, வெறும் வயிற்றோடு பால் வெட்டி, வாளி சுமந்து, நிறுத்துப் போட்டுவிட்டு வந்தால் நிற்கக் கால் இருக்காது. சாய்ந்தால் போதும் என்றிருக்கும். இத்தனைக்கும் நடுவில் இந்த வலி வேறு.

மகளுக்குக் காய்ச்சல் என்று சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு லாரியில் அனுப்பினார்கள். அங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்துவிட்டு, நான் உட்காரும் தினுசையும் பார்த்துவிட்டு, "உனக்கு என்ன?" என்று கேட்டுவைத்தாள். கூட இருந்த யாழ்ப்பாணத்து நர்ஸ்தான் மொழிபெயர்த்தாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கேட்பதற்கு ஒரு ஆள் வந்துவிட்டதே என்ற அழுகை.

பார்த்துவிட்டு, இறுகின இடத்தை உள்ளே வைத்து வைத்து இளக்கிக்கொள்ளச் சொல்லி, கண்ணாடியில் செய்த மூன்று உருளைகளைக் கொடுத்தார்கள். ஒன்று சுண்டுவிரல் கனம், ஒன்று கொஞ்சம் பெரிசு, மூன்றாவதைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன். நர்ஸ் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"பயப்பிடாதேங்கோ பிள்ளை. சின்னனில தொடங்குங்கோ. இந்தக் களிம்பைப் பூசிக்கொண்டு, மூச்சை விட்டு, மெல்ல மெல்ல. நோகுதெண்டால் நிப்பாட்டுங்கோ. பல்லைக் கடிச்சுக்கொண்டு செய்யிற வேலை இல்லை இது."

வைத்துக்கொள்ளும் முறையையும் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கொதிக்கவைக்க வேண்டும். கொதித்த தண்ணீரிலேயே தானாக ஆறவிட வேண்டும், சூட்டோடு எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் விரிசல் விடும். சுத்தமான துணியில் சுற்றிவைக்க வேண்டும். எடுக்கும்போதெல்லாம் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும், எங்காவது நூல் மாட்டினால் கீறல் விழுந்திருக்கிறது, தொடவே கூடாது. ஒருத்தி பொருள் ஒருத்திக்குத்தான். கடைசியாக, "உங்கட அவரும் ஒருக்கா வந்தால் நல்லம்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவர் வந்தாற்போலத்தான்!

பிள்ளையின் மூத்திரத் துணிக்குள் சுருட்டி வைத்துத்தான் கேட்டைத் தாண்டினேன். சோதனை போடுகிற பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு போ போ என்றுவிட்டாள்.

அப்புறம் ஆரம்பித்தது ஒரு வேலை. பிள்ளை ஆயா கொட்டகையில், அவர் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருப்பார். மத்தியானம் லயமே அடித்துப்போட்ட மாதிரி தூங்கும். எனக்கும் தூக்கம்தான் வேண்டும், சத்தியமாக அதுதான் வேண்டும். ஆனால் கதவைச் சாத்தி, பக்கத்துக் குடும்பத்துக்கும் எங்களுக்கும் நடுவில் சுவருக்குப் பதிலாகத் தொங்கிய கோணிப் படுதாவை இழுத்துவிட்டு, அந்தக் கண்ணாடியோடு மல்லுக்கு நின்றேன். முதலில் ஒரு நகம் அளவுக்குக் கூட உடம்பு இடம் கொடுக்கவில்லை. அவசரப்பட்டால் வலித்தது. அழுதால் இன்னும் இறுகியது. அலுத்துப்போய் எதையும் எதிர்பார்க்காமல் சும்மா படுத்திருந்த நாளில்தான் அது தானாக இளகிக்கொடுத்தது. உடம்பை அதட்டி வேலை வாங்க முடியாது என்று அன்றைக்குப் புரிந்தது. வெளியே எல்லாரும் எங்களை அதட்டித்தான் வேலை வாங்கினார்கள், அது வேறு விஷயம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இந்த வயதில் எனக்கு என்ன வெட்கம்? இரண்டாவது அளவுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம் வலி இல்லை என்பதோடு நிற்கவில்லை. நன்றாக இருந்தது. கல்யாணம் ஆகிப் பிள்ளையும் பெற்றவளுக்கு, இப்படியும் இருக்குமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே கிடந்தேன். பிறகு எழுந்து அடுப்பு மூட்டி, பழைய சட்டியில் அதைக் கொதிக்கவைத்தேன்.

அந்தச் சட்டிதான் வினையாக வந்து சேர்ந்தது. அடுப்பில் குழம்பு வைத்தால் மணக்கும். என் சட்டியில் மணம் இல்லை. மூடி வேறு போட்டிருந்தேன். தினமும் மத்தியானம் மூடி போட்ட சட்டி மணம் இல்லாமல் கொதித்தால் அந்தக் காலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பதுக்கின அரிசி. படுதாவுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவள் அதைப் பார்த்துவிட்டு, எங்களை வேலை வாங்குகிற மண்டோர் காதில் போட்டுவிட்டாள். அப்படிச் சொன்னால் வீட்டுக்குக் கூடக் கொஞ்சம் சோறு கிடைக்கும் என்ற ஆசை. பாவி.

ஒரு நாள் மத்தியானம் கதவைத் தட்டினார்கள். மண்டோர், அவனுக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒரு மலாய்க்கார கான்ஸ்டபிள், அவர்களுக்குப் பின்னால் தூக்கம் கலைந்த பாதி லயம்.

"என்னாம்மா, சட்டியில என்னா கொதிக்குது? கொழம்பு வாசம் வரலியே."

"தண்ணி."

"தண்ணிக்கு எதுக்கு மூடி? தெற லா, பாப்போம்."

அவனே மூடியைத் தூக்கினான். உள்ளே மூன்று கண்ணாடியும் மோதிக்கொண்டு குதித்தன. கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்துவிட்டு மலாயில் என்னவோ கேட்டார். மண்டோருக்கும் என்னவென்று தெரியவில்லை. தெரியாது என்று சொல்கிற பழக்கமும் அவனுக்கு இல்லை. "காட்டுக்காரனுக்கு மருந்து சாமானா? ஒன்னைய உள்ள வெச்சிருவானுங்க, தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே சட்டியைத் தூக்கி, பக்கத்தில் இருந்த பச்சைத் தண்ணீர் வாளியில் கவிழ்த்துவிட்டான். டப், டப் என்று சத்தம் கேட்டது.

எனக்கு அந்த நிமிஷம் ஜெயில் பயம் வரவில்லை. எத்தனை மத்தியானத்துத் தூக்கம் அது! அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன்.

"பிள்ள பெத்த எடத்துல தையல் போட்டு இறுகிப்போச்சு. புருசங்கூட படுக்க முடியல. உள்ள வெச்சு வெச்சுச் சரி பண்ணிக்கச் சொல்லி டாக்டரம்மா குடுத்தது. கம்யூனிஸ்டுக்கு இது எதுக்குடா? மலாயில சொல்லு அவர்கிட்ட. சொல்லுடா!"

மண்டோர் கான்ஸ்டபிளிடம் எதையோ முனகினான். அந்தப் போலீஸ்காரப் பிள்ளை காது வரைக்கும் சிவந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டார். கூட்டம் விலகியபோதுதான் பார்த்தேன், வேலை விட்டு வந்த என் வீட்டுக்காரர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார், தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு குழாயடிக்குப் போய்விட்டார்.

வாளியில் இரண்டு உடைந்து கிடந்தன. மூன்றாவது முழுசாக இருந்தது போலத் தெரிந்தது. துணியால் துடைத்தேன், நூல் மாட்டியது. பிள்ளைகள் காலில் குத்திவிடக் கூடாதென்று மூன்றையும் காகிதத்தில் சுற்றி வேலி ஓரம் ஆழமாகக் குழிதோண்டிப் புதைத்தேன். மண்ணைத் தள்ளும்போது கை ஓய்ந்துபோயிருந்தது. இனிமேல் இன்னொரு தடவை சிரம்பான் போய், கேட்டுவாங்கி, ஒளித்துக்கொண்டுவந்து, முதலிலிருந்து ஆரம்பிக்க என்னிடம் தெம்பு இல்லை. போகட்டும், அவர் கட்டிக்கொள்கிறவளைக் கட்டிக்கொள்ளட்டும் என்று தோன்றிவிட்டது.

படுதாவுக்கு அந்தப் பக்கத்துக்காரி சாயங்காலம் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணு கூட ஒடையாம இல்லியா?" என்று கேட்டாள்.

"எதுக்கு, இன்னொரு வாட்டி போய்ச் சொல்றதுக்கா?"

"இல்லக்கா. இருந்தா நானும் கேட்டு வாங்கலாம்னு..." அவளுக்கு நாலு பிள்ளைகள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

எங்கள் லயத்தில் அம்மி, குடை, கல்யாணப் புடவை எல்லாம் வீட்டுக்கு வீடு போகும், இல்லை என்று சொல்வது பாவம். இருந்தாலும் சொன்னேன்: "முழுசா இருந்தாலும் தர மாட்டேண்டி. ஒருத்தி நோவு இன்னொருத்திக்கு ஒட்டிக்கும். ஒனக்கு வேணும்னா நீ போயி டாக்டரம்மாவைப் பாரு." அவள் மேல் இருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் என்னோடு அரிசி, மழை கூடப் பேசவில்லை. நாத்தனாரிடமிருந்து ஆள் வந்தது, பெண்ணைப் பார்க்கத் தம்பியை வரச்சொல்லி. அவர் "ம்" என்று கேட்டுக்கொண்டார். விடியற்காலை மழை பிடித்துக்கொண்டு பால் வெட்டு இல்லை என்றான ஒரு நாள், குளித்து, வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று நான் கேட்கவில்லை. அதுதான் தெரிந்த கதையாயிற்றே. பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவள் தூங்கின பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் தட்டோடு சோற்று வரிசையில் நின்றபோது பஸ்ஸை விட்டு இறங்கி அவர் கேட்டுக்கு வந்தார். கொட்டகையிலிருந்து கேட் நன்றாகத் தெரியும். சோதனை போடுகிறவன் பைக்குள் கையை விட்டு ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தான். பிரித்தான். அந்தி வெளிச்சத்தில் மூன்று கண்ணாடி உருளைகள் மினுமினுத்தன.

மண்டோர் அங்கேதான் நின்றான். எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தான். "என்னாப்பா, பொம்பள சாமானத் தூக்கிக்கிட்டு வர்ற?" என்று ஒன்றை எடுக்கக் கையை நீட்டினான்.

என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் மண்டோரை நேராகப் பார்த்துப் பேசியதில்லை. அன்றைக்குப் பொட்டலத்தை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"எம் பொண்டாட்டியோடது. நீ ஒடச்சதுக்கு வாங்கிட்டு வந்தேன். தொடறதா இருந்தா கையக் கழுவிட்டு வா."

வரிசை அப்படியே நின்றுவிட்டது. சோறு போடுகிறவன் அகப்பையைத் தூக்கினபடி நின்றான். எனக்குத் தட்டு கனத்தது, கண்ணும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தை என்னிடம் கொடுக்காமல் தானே பெட்டிமேல் வைத்தார். சட்டையைக் கழற்றினார். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"ரெண்டு பேரும் கூட இருந்து செய்யறதாமே. நர்ஸம்மா சொன்னாங்க. நீ போதும்னா நான் நிறுத்திரணுமாம். நீ ஏன் புள்ள இத்தன நாளு தனியாவே கெடந்து கஷ்டப்பட்ட?"

"பின்ன, தம்பட்டம் அடிச்சா செய்வாங்க?" என்று சொல்லவந்தேன். சொல்லி முடிக்குமுன் அவர் என் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, வாசல் பக்கம் கிடந்த பாயைச் சுருட்டி உள்ளே கொண்டுவந்து போட்டார்.