முடிக்காமல் விட்ட முப்பது நாள்

போன ஞாயிற்றுக்கிழமை, காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடை. விரித்துப் போட்ட புடவைகளுக்கு நடுவில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஆமாம், நானேதான்!

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு என் வாயைப் பற்றித் தெரியும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தால், அவருக்கே ரெண்டு வார்த்தை எடுத்துக் கொடுக்கிற ஆள் நான். அப்படிப்பட்டவள் ஏன் கம்மென்று இருந்தேன்? அதைச் சொல்ல ஒரு மாசம் பின்னால் போக வேண்டும்.

என் வீட்டுக்காரர் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன் ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார் என்றால் மயிலும் அன்னமும் வரிசையாக பார்டரில் வந்து நிற்கும். கை அவ்வளவு வேகம். பேச்சு மட்டும் திக்கும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

கல்யாணமான புதிதில் ஒரு பஸ் கண்டக்டர், இவர் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! நானே சத்தமாக ஊரைச் சொல்லி டிக்கெட் வாங்கினேன். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம், இருபத்தாறு வருஷமாகப் போகவில்லை. அவர் ஆரம்பிப்பார், நான் முடிப்பேன். டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்பதைக்கூட நான்தான் சொல்வேன். 'அவருக்குக் கஷ்டம் வேண்டாமேன்னுதான்...' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் எதற்குப் பொய்? எனக்குப் பொறுமை கிடையாது. அவ்வளவுதான்.

போன மாசம் ஒரு சாயங்காலம், சாப்பிடும்போது எங்கள் பொண்ணு நித்யாவிடம் அவர் ஏதோ கேட்க ஆரம்பித்தார். வழக்கம்போல நான் பூந்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"ஏம்மா, அப்பா இன்னா கேட்டாருன்னே எனக்குத் தெரியல. நீ கேட்டதுக்கெல்லாம் நான் பதில் சொல்லினு இருக்கேன். ஒரே ஒரு மாசம், அப்பா பேசினா நீ முடிக்காம இரு பாக்கலாம். உன்னால முடியுமா?"

முடியுமாவா! யாரைப் பார்த்து என்ன கேள்வி? சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை தவறினால் அன்றைக்கு சீரியல் கிடையாது என்று அவளே தண்டனையும் எழுதினாள்.

முதல் வாரம் ஒரு எபிசோடுகூடப் பார்க்கவில்லை.

சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமா! அவர் "அந்த..." என்று ஆரம்பித்தால் எனக்கு உள்ளங்கை அரிக்கும். அடுப்பில் பால் பொங்குகிறது, குக்கர் கத்துகிறது, அவர் இன்னும் "அந்த"விலேயே நிற்கிறார். இதில் இன்னொரு வேடிக்கை. அவருக்கும் என் பழக்கம் ஒட்டிப் போயிருந்தது. பாதி சொல்லிவிட்டு, மீதி எங்கே என்கிற மாதிரி என் முகத்தையே பார்ப்பார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பேன். நாலைந்து நாள் பார்த்தார். சரி, இவள் தரமாட்டாள் என்று தெரிந்ததும், அவரே மெதுவாக முடிக்க ஆரம்பித்தார்.

இரண்டாவது வாரம் கோயிலுக்குப் போய்விட்டு ஓட்டலுக்குப் போனோம். சர்வர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். இருபத்தாறு வருஷமாக 'அவருக்கு ஒரு பொங்கல்' என்று நான்தான் சொல்வேன்.

"எ... எனக்கு... பூ... பூரி."

"பூரியா? உங்களுக்குப் பொங்கல்தானே பிடிக்கும்?"

"பி... பிடிக்காது."

"அடக் கடவுளே! இத்தனை வருஷமா ஏங்க சொல்லல?"

அவர் கோபமே இல்லாமல் சொன்னார். "சொ... சொல்ல ஆரம்பிச்சேன்."

சர்வர் சிரித்தார், நித்யா சிரித்தாள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பொங்கல் போகட்டும்... வேறு எதையெல்லாம் நான் தப்பாக முடித்து வைத்திருக்கிறேனோ!

இப்போது பட்டுக் கடைக்கு வருகிறேன்.

நித்யாவுக்குத் தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு வாலாஜாபாத், சொந்தமாக ரைஸ் மில். நல்ல மனுஷங்க. கூறைப்புடவை எடுக்க சம்பந்தியம்மா அவங்க ஆட்களோடு வந்திருந்தார், எங்கள் பக்கம் நாங்கள் மூன்று பேர்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நித்யா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறாள். விடியற்காலையில் கம்பெனி பஸ். கையில் டிபன் பாக்ஸ், தலையில் ஈரம், ஓடுவாள். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். 'வேலைய மட்டும் விடமாட்டேம்மா, அவங்ககிட்ட சொல்லிடு' என்று என்னிடம் பத்துத் தடவை சொல்லியிருக்கிறாள். 'எல்லாம் கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்' என்று பத்துத் தடவையும் நான் தள்ளிவிட்டேன். நல்ல இடம் கை நழுவிடுமோ என்கிற பயம்தான். வேறென்ன?

அரக்குக் கலரில் ஒரு புடவையைத் தடவிப் பார்த்துக்கொண்டே சம்பந்தியம்மா, போகிற போக்கில் கேட்டார்.

"கல்யாணத்துக்கப்புறம் வேலையெல்லாம் எதுக்குங்க? மில்லு இருக்குது, வீடு இருக்குது. பொண்ணு வீட்டோட இருக்கட்டும். இன்னா சொல்றீங்க?"

எல்லோரும் பார்த்தது என்னைத்தான். என் நாக்கு நுனியில் பதில் ரெடி. என்ன பதில் தெரியுமா? 'உங்க வீட்டுப் பொண்ணு, உங்க இஷ்டம்.' வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். இன்னொரு வினாடி போயிருந்தால் சொல்லியிருப்பேன்.

அதற்குள் என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

"அ... அவ..."

வாயை மூடிக்கொண்டேன். நித்யா தலையைக் குனிந்து புடவை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் பாதி விரித்த புடவையோடு அப்படியே நின்றார்.

"அவ... வே... வேலைய..."

மேலே வரவில்லை. கழுத்து நரம்பு புடைக்கிறது, கண் மூடிக்கொள்கிறது. சம்பந்தியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பாவம், உதவி செய்கிறாராம்...

"விட்டுடுவா, அதானே சொல்றீங்க? எனக்குத் தெரியும்பா. நல்ல பொண்ணு!"

கடைக்காரர் தலையாட்டினார். கூட வந்தவர்களும் தலையாட்டினார்கள். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. ஒரு நல்ல மனசு, ஒரே ஒரு வினாடி அவசரம், என் பொண்ணு வேலை போச்சு! இருபத்தாறு வருஷம் நான் எப்படி இருந்தேன் என்று எதிரில் உட்கார்ந்து பார்த்தேன்.

அன்றைக்கு நான் வாயைத் திறந்தது இதற்கு மட்டும்தான்.

"இருங்க சம்பந்தியம்மா. அவர் இன்னும் முடிக்கல."

எல்லோரும் இருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"அவ வேலைய... வி... விடமாட்டா. அ... அது அவ... சம்பாதிச்ச வேலை. அவ போ... போவட்டும்."

நித்யா குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் கை மட்டும் நகர்ந்து போய் அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. நான் சம்பந்தியம்மா முகத்தைப் பார்த்தேன். போச்சு, சம்பந்தம் போச்சு!

சம்பந்தியம்மா புடவையைக் கீழே வைத்தார். என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"இவ்ளோ சிரமப்பட்டு ஒரு மனுஷன் சொல்றாருன்னா, அது மனசுலேர்ந்துதான் வரும். அந்தக் கம்பெனி பஸ்ஸு எங்க ஊர் வழியாதானே போவுது? அங்கியே ஏறிக்கட்டும். இன்னா இப்போ?"

அப்புறம் அந்த அரக்குப் புடவையை எடுத்து, என்னிடம் இல்லை, அவரிடம் நீட்டினார். "பார்டர் எப்படிங்க இருக்குது? நீங்க போடுற வேலையாச்சே. மெதுவா சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல முழுசும் கேட்டார், அந்த மகராசி! அவரும் ஜரிகையிலிருந்து சாயம் வரைக்கும் ஒன்று விடவில்லை. அவருக்கு அவ்வளவு பேச்சு இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

என்னை வம்புக்கு இழுத்த நித்யாவுக்கு நன்றி. பாதி விரித்த புடவையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கடைக்காரருக்கு நன்றி. சம்பந்தியம்மாவுக்குக் கோடி நன்றி. இருபத்தாறு வருஷம் பிடிக்காத பொங்கலைத் தின்றுவிட்டு ஒரு நாள்கூட முகம் சுளிக்காத மனுஷருக்கு எப்படி நன்றி சொல்வது? தெரியவில்லை. பூரிக்கு மாவு பிசைந்து வைத்திருக்கிறேன்.

இன்றைக்கு முப்பத்தோராவது நாள். சவால் முடிந்தது, சீரியலும் திரும்பக் கிடைத்தது. இதை எழுதுவதற்கு முன்னால் முன் ரூமுக்குப் போய் அவரிடமே கேட்டேன். "ஒரு மாசம் எப்படிங்க இருந்துச்சு?"

சொல்ல ஆரம்பித்திருக்கிறார்... கொஞ்சம் இருங்க.