பூவேலை விரிப்பில் ஒரு மத்தியானத் தூக்கம்

போன சனிக்கிழமை நான் சாகக் கிடந்தேன் என்று எங்கள் ஊர் நாரந்தனை முழுவதும் கதை. வாசகர்கள் கவலைப்பட வேண்டாம். தூங்கித்தான் கிடந்தேன்... இடம்தான் பிழை.

எங்கள் அறையில் ஒரு கட்டில் இருக்கிறது. மனைவி பிலோமினாவின் சீதனம். அதன்மேல் ஒரு வெள்ளை விரிப்பு – கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் அவளே பூவேலை செய்தது. நடுவில் ரோசாப்பூ, மூலைக்கு மூலை புறா. கலியாணத்துக்கு அடுத்த வாரமே அந்தப் புறாக்களை விட்டுப் பாய்க்கு இறங்கியவன் நான்.

எங்கள் தீவில் எந்த வீட்டு அறையையும் எட்டிப் பாருங்கள். கட்டில் இருக்கும், படுப்பவர் இருக்கமாட்டார். பிள்ளை பெற்றவள், கொழும்பிலிருந்து வந்த மச்சான், பங்குச் சுவாமி வந்து கடைசி எண்ணெய் பூசும், சாகக் கிடக்கிற நோயாளி – பூவேலை விரிப்பு இவர்களுக்குத்தான். மற்றவர்களுக்குப் பாய். இதற்குப் படுக்கையறை என்று பெயர் வைத்தவர் யார்?

"இந்த வீட்டிலை என்னைவிட அந்தத் துணிக்குத்தானே மரியாதை?" என்று அன்றும் கேட்டேன்.

"ஓம்" என்றுவிட்டு பிலோமினா மீன் வெட்டப் போய்விட்டாள்.

குடும்பத் தலைவனுக்கு ரோசம் வராதா? வந்தது. நேரே போய்க் கட்டிலில் ஏறிப் படுத்தேன். ஆனால் விரிப்பு கசங்கினால் யார் பதில் சொல்வது? கால்களைச் சேர்த்து, கைகளை நெஞ்சில் கோத்து, ஆடாமல் அசையாமல் மல்லாந்து கிடந்தேன். அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு றீத்தா அக்கா ஜன்னலால் பார்த்திருக்கிறார். வெள்ளை விரிப்பு, கோத்த கை... இதற்குமேல் விசாரிப்பானேன்? சுவாமியைக் கூட்டிவரக் கோயிலுக்கு ஓடிவிட்டார்.

கண் விழித்தால் கட்டிலைச் சுற்றிச் சனம். தலைமாட்டில் சுவாமி, கையில் எண்ணெய்ச் சிமிழ்.

"மாஸ்டர், என்ன செய்யுது?" என்றார் சுவாமி.

சும்மா படுத்தேன் என்று சொல்ல வெட்கம். "நெஞ்சுக்குள்ளை கொஞ்சம்..." என்று இழுத்தேன். படித்தவன், ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன் அல்லவா?

சத்தம் கேட்டுக் குசினியிலிருந்து வந்த பிலோமினாவின் காதில் அதுதான் விழுந்தது. மீனுக்கு மஞ்சள் பிசறிய கையோடு பாய்ந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "இஞ்சாருங்கோ, என்னை விட்டுட்டுப் போகாதையுங்கோ" என்று அழுதாள். புறாவின் மேல் மஞ்சள், ரோசாப்பூவின் மேல் மீன் செதில். அவள் கவனிக்கவே இல்லை. இதற்குமேலும் நடித்தால் நான் மனிதனே இல்லை.

"ஒண்டுமில்லை பிலோ. சும்மா படுத்தனான்."

சுவாமி சிமிழை மூடினார். பிலோமினா கண்ணைத் துடைத்தாள். பிறகுதான் விரிப்பைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"சுவாமி போகட்டும்" என்றாள் மெதுவாக.

சுவாமி போனார். அதன்பின் நடந்ததை இந்தப் பத்தியில் எழுத இடம் போதாது.

அன்றிலிருந்து விரிப்பு கொடியில் தொங்குகிறது. எவ்வளவு சவர்க்காரம் போட்டும் மஞ்சள் போகவில்லை. அவள் என்னைத் திட்டித் திட்டித் தோய்க்கிறாள்.

அந்தக் கறை போகவே கூடாது என்று நான் பாயில் படுத்தபடி செபிக்கிறேன்.