பதில் தட்டிய தகடு

இது நடந்தது. நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டி ராசிபலன் படிக்கலாம். அமாவாசை, நாய் ஊளை எதுவும் கிடையாது. பட்டப்பகல், மணி மூன்றரை.

உச்சிப்புளியில் எங்கள் முதலாளி தர்மராஜின் தகரக் கொட்டகை. வாசலில் 'விண்வெளிச் சோதனைக் கூடம்' என்று பலகை. நான் அங்கே டெஸ்ட் இன்ஜினியர். ராக்கெட்டிலிருந்து செயற்கைக்கோள் கழன்றுகொள்ளும்போது ஒரு பேரதிர்ச்சி வரும். உள்ளேயிருக்கும் எலெக்ட்ரானிக் பெட்டி அதைத் தாங்குமா என்று தரையிலேயே பார்த்துவிட வேண்டும். பெட்டியைக் கனத்த இரும்புத் தகட்டில் திருகி, தகட்டைத் தொங்கவிட்டு, பெரிய சுத்தியலால் அறைவோம். மூன்று அடி. தகட்டில் ஒட்டிய சென்சார் கணினியில் கோடு போடும்.

விண்வெளிக்குப் போகிற பெட்டிக்கு தர்மராஜ் தகடு வாங்கிய இடம் காயலான் கடை. கடலில் கிரேனைச் சுமந்து திரிந்து, பிறகு உடைக்கப்பட்ட பார்ஜ் எனும் தட்டைக் கப்பல் ஒன்றின் அடித்தகடு. அந்த பார்ஜிலேயே கிடந்த பழைய காற்றழுத்த கம்ப்ரஸரும் கூடவே லாரியில் வந்தது. "ரெண்டையும் சேத்து அள்ளிட்டேன்ல" என்று ஒரு வாரம் பீற்றிக்கொண்டார் அந்த மேதை.

அன்றைய பெட்டி தேறினால் பெரிய ஆர்டர். தவறினால் கொட்டகைக்குப் பூட்டு.

சுத்தியல் பிடிப்பவர் கில்பர்ட், தங்கச்சிமடத்துக்காரர். அறைந்தார்.

டங்... டங்... டங்...

தகடு அதிர்ந்து அடங்கியது.

டக்... டக்... டக்.

சுத்தியல் கொக்கியில் மாட்டியிருந்தது.

"சார், யாரோ பதில் தட்டுறாக" என்றார் கில்பர்ட்.

"திருகு லூசா இருக்கும்" என்றேன். பயந்தாங்கொள்ளி மனுஷர்.

திருகுகளைப் பார்த்தேன். எல்லாம் இறுக்கம்.

திரையைப் பார்த்தேன். எங்கள் மூன்று அடிகளும் மேல்நோக்கி எழுந்திருந்தன. பிறகு வந்த மூன்றும் கீழ்நோக்கி. தகட்டின் மறுபக்கத்திலிருந்து அடித்தால்தான் அப்படி வரும்.

மறுபக்கம் போனேன். யாருமில்லை. தகட்டைத் தடவினேன். சில்லென்றிருந்தது... ஓர் இடம் மட்டும் வெதுவெதுப்பு. உள்ளங்கை அகலம்.

சத்தம் கேட்டு தர்மராஜ் வந்தார்.

"முதலாளி, யாரோ உள்ளருந்து தட்டுறாக. கொஞ்சம் பொறுத்துக் கேப்பமே" என்றார் கில்பர்ட்.

"ஏலே, பேய்க்கும் நான்தான் சம்பளம் குடுக்கணுமா? சத்தந்தான பிரச்சினை?"

தானே போய் மூலையிலிருந்த பார்ஜ் கம்ப்ரஸரை ஓடவிட்டார். கொட்டகையே கடகடத்தது. வேறெதுவும் கேட்கவில்லை.

சென்சாருக்குக் காது தேவையில்லை.

திரையில் மூன்று... ஆறு... பிறகு எண்ண முடியவில்லை. ஒன்றைவிட ஒன்று உயரம். எங்கள் சுத்தியல் தொடாத உயரம்...

நின்றது.

பெட்டியைத் திறந்தோம். உள்ளே சர்க்யூட் போர்டு தூள் தூள். ஆர்டர் போயிற்று. "மட்டமான பெட்டி" என்றார் தர்மராஜ்.

மறுநாள் கில்பர்ட் வேலைக்கு வரவில்லை. பார்ஜை உடைத்தவர்களைத் தேடிப் போயிருந்தார். சாயங்காலம் போன் செய்தார்.

பார்ஜின் அடித்தொட்டியை மூடி வெல்டு வைக்குமுன் மேலிருந்து மூன்று முறை தட்டுவார்களாம். உள்ளே ஆள் இருந்தால் பதில் தட்ட வேண்டும். ஒருமுறை பதில் வரவில்லை. மூடிவிட்டார்கள். உடைக்கும்போதுதான் உள்ளே ஒருவன் இருந்தது தெரிந்திருக்கிறது. கையில் ஸ்பானரோடு.

"தட்டித்தான் இருக்கான் சார். யாருக்கும் கேக்கல. மேல கம்ப்ரஸர் ஓடிக்கிட்டு இருந்துச்சாம்."

நான் மூலையைத் திரும்பிப் பார்த்தேன்.

தர்மராஜ் அதைத் துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.